தறியைத் தேடினால் எலி வருகிறது: பப்மெட்டில் தேடப் பழகுகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு மத்தியானம், ஈரோட்டுப் பக்கம் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு மூன்றாம் வருசம் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி வந்து, "சார், பப்மெட்டுல ஒண்ணுமே இல்லீங்க, எம்பட தலைப்பையே மாத்திக்கலாம்னு இருக்கறனுங்க" என்றாள். பப்மெட், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம். சொந்த ஊர் பள்ளிபாளையம். அப்பா இருபது வருசமாகத் தறி ஓட்டுகிறவர், காது பாதி போய்விட்டது, அவர் டிவி வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சீரியல் கதை அத்துபடி. அதனால் தறிக்காரர்களின் காதைப் பற்றியே பிராஜெக்ட் பண்ணலாம் என்று எடுத்திருக்கிறாள். நல்ல தலைப்புத்தான். "என்ன தட்டின அம்மிணி, காட்டு" என்றேன். ஈரோடு, நாமக்கல் மாவட்ட விசைத்தறித் தொழிலாளர்களுக்குக் காது கேளாமை எந்த அளவுக்கு இருக்கிறது, அதைத் தடுக்க என்னென்ன வழி என்பதை ஒரு முழு ஆங்கில வாக்கியமாக்கி, கேள்விக்குறி உட்படப் பெட்டிக்குள் போட்டிருந்தாள்.

கூகுளில் பழகிய கை அது. கூகுள் நாம் அரைகுறையாகக் கேட்டாலும் ஊகித்து எதையாவது கொண்டுவந்து போடும். பப்மெட் அந்த அளவுக்கு நம் மனசைப் படிக்காது. வாக்கியத்தில் இருக்கும் உதிரிச் சொற்களைத் தள்ளிவிட்டு, மீதி அத்தனை சொல்லும் ஒரே பதிவுக்குள் இருந்தால்தான் எடுத்துத் தரும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் போய், மயிலைக் காளை வேணும், ரெண்டு பல் போட்டிருக்கணும், உழவுக்குப் பழகியிருக்கணும், காங்கேயத்துக்குக் கிழக்கே வளர்ந்திருக்கணும், கொம்பு இந்த வாக்கில் இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் சந்தை முழுக்க மாடு நிற்க, உங்களுக்கு மட்டும் ஒரு மாடும் கிடைக்காது. அவளுக்கு ஆனது அதுதான்.

நர்சிங், பிசியோதெரபி, பார்மசி என்று படிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் தடவை இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதி வைக்கிறேன். ஒன்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: தேடும் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் ஓசையாக எழுதுகிறேன், நீங்கள் பெட்டியில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். தமிழில் தட்டினால் அங்கே வேலைக்கு ஆகாது.

பப்மெட் என்பது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் தளம். 1996-இல் தொடங்கி, 1997-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இப்போது 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. பதிவு என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர் பெயர், அவர் வேலை பார்க்கும் ஊர், இதழின் பெயர், ஒரு பத்தி அளவுக்குச் சுருக்கம், இவ்வளவுதான் அதில் இருக்கும். நீங்கள் தேடும்போது அது அந்தப் பதிவுக்குள்தான் தேடுகிறது. முழுக் கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில் பள்ளிபாளையம் என்று இருந்தாலும் சுருக்கத்தில் இல்லை என்றால் அகப்படாது. முழுக் கட்டுரைக்குள்ளும் தேட வேண்டுமானால் பப்மெட் சென்ட்ரல், கூகுள் ஸ்காலர் என்று வேறு இடங்கள் இருக்கின்றன, அங்கே குப்பையும் கூடவே வரும்.

கேள்வியை உடைப்பது

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு தாள் எடுங்கள். உங்கள் கேள்வியில் எது இல்லாவிட்டால் கேள்வியே இல்லையோ, அதை மட்டும் எழுதுங்கள். அந்தப் பெண்ணின் கேள்வியில் அப்படி மூன்று இருந்தன: தறிக்காரர், சத்தம், காது. அவ்வளவுதான். எவ்வளவு, பாதிப்பு, தொடர்பு, வழி மாதிரிச் சொற்கள் கேள்விக்கு வேண்டும், தேடலுக்கு வேண்டாம். கட்டுரை எழுதியவர் அந்தச் சொல்லையே போட்டிருப்பார் என்று என்ன உறுதி? "தடுக்க என்ன வழி" என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாகத் தேட வேண்டும். ரெண்டையும் ஒரே பெட்டிக்குள் திணித்ததுதான் முதல் கோளாறு.

சிகிச்சை பற்றிய கேள்வியாக இருந்தால் பிக்கோ என்று ஒரு சட்டகம் சொல்லித் தருவார்கள், பாடத்திலேயே இருக்கும்: நோயாளி யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன பலன் எதிர்பார்க்கிறோம். உதாரணமாக, முழங்கால் வலிக்கு மஞ்சள் கிழங்கில் செய்த மாத்திரை வாங்கித் தின்கிற நம் அம்மிச்சிக்கு அது வலி மாத்திரை அளவுக்குக் கேட்குமா என்று பார்க்க வேண்டும் என்றால், முழங்கால் தேய்மானம், மஞ்சள், வலி மாத்திரை, வலி குறைவது என்று நாலாக உடைக்கலாம். ஆனால் நாலையும் தேடலில் போட வேண்டியதில்லை. முதல் ரெண்டை மட்டும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். பலனைத் தேடுசொல்லாகப் போடுகிறவர்கள் நல்ல கட்டுரை பலதையும் கோட்டை விடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பெயர் சேர்ப்பது

நேரம் அதிகம் பிடிக்கிற வேலை இது. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிற வேலையும் இதுதான்.

நாம் கடலைக்காய் என்கிறோம். சென்னைக்காரர் வேர்க்கடலை என்பார். விழுப்புரம் பக்கம் மல்லாட்டை. பொருள் ஒன்றுதான், ஆனால் மல்லாட்டை என்று கேட்டால் கோபி சந்தையில் முழிப்பார்கள். மருத்துவக் கட்டுரைகளும் அப்படித்தான். ஒருத்தர் தறிக்காரரை வீவர் என்று எழுதுவார், இன்னொருத்தர் பவர்லூம் ஒர்க்கர், மற்றொருத்தர் டெக்ஸ்டைல் மில் எம்ப்ளாயி. அதிலும் பவர்லூம் என்பதை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுகிறவர்களும் உண்டு, பிரித்து ரெண்டு சொல்லாக எழுதுகிறவர்களும் உண்டு. நீங்கள் ஒட்டித் தேடினால் பிரித்து எழுதியவர்கள் நழுவலாம். தாளில் கோடு கிழித்து மூன்று பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே எத்தனை பெயர் தோன்றுகிறதோ எல்லாம் எழுதுங்கள். காதுக்கு மட்டும் நாங்கள் எழுதியது: ஹியரிங் லாஸ், ஹியரிங் இம்பேர்மெண்ட், டெஃப்னஸ், ஆடியோமெட்ரி (கேட்கும் திறனை அளப்பது), டின்னிடஸ் (காதிரைச்சல்), திரெஷோல்டு ஷிஃப்ட் (காதுக்குக் கேட்கத் தொடங்கும் சத்த அளவு ஏறுவது).

அந்தக் கடைசிச் சொல் அவளுக்கு முதலில் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சும்மா ஒரு தேடல் போட்டு, பொருத்தமாக வந்த ஒரே ஒரு கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தபோது கண்ணில் பட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதல் தேடல் விடை கண்டுபிடிக்க அல்ல, சொல் பொறுக்க. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் போதும், அதை எழுதியவர் பயன்படுத்தியிருக்கும் பெயர்களை எல்லாம் உருவிக்கொண்டு வந்துவிடலாம்.

பெயர் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு நம் ஊர்ச் சரக்கிலேயே ஒரு கதை இருக்கிறது. மஞ்சளைக் காயத்துக்குப் போட்டால் ஆறும் என்பதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், ஆனால் காப்புரிமை அலுவலகத்துக்கு வாய்ச்சொல் செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய சமஸ்கிருத நூலிலிருந்து, இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த ஒரு கட்டுரை வரை தேடிப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார்கள். 1997-இல் காப்புரிமை ரத்தானது. யாரோ சிலர் உட்கார்ந்து சரியாகத் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். நீங்கள் இன்றைக்கு மஞ்சளைத் தேடுவதாக இருந்தால் டர்மெரிக், குர்குமின் (மஞ்சளில் இருக்கும் பொருள்), குர்குமா லாங்கா (செடியின் அறிவியல் பெயர்) என மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். டர்மெரிக் மட்டும் போட்டால் பாதிக் கட்டுரை வராது.

இந்தப் பெயர்த் தொல்லையை பப்மெட்டை நடத்தும் அமெரிக்க நூலகத்தார் 1960-லேயே யோசித்து, மெஷ் என்று ஒரு சொற்பட்டியல் செய்து வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 30,000 தலைப்புகள். கட்டுரை எழுதியவர் கடலைக்காய்க்கு எந்தப் பெயரைப் போட்டாலும், பதிவு செய்கிறவர்கள் அராக்கிஸ் என்ற ஒரே தலைப்பை ஒட்டிவிடுவார்கள். நம் தலைப்புக்குப் பொருந்துவது "ஹியரிங் லாஸ், நாய்ஸ் இண்ட்யூஸ்டு", அப்புறம் "நாய்ஸ், ஆக்குபேஷனல்", அப்புறம் "டெக்ஸ்டைல் இண்டஸ்ட்ரி". பெயரைத் திருப்பிப் போட்டு நடுவில் கமா வைப்பது அவர்கள் பழக்கம், பயந்துவிடாதீர்கள். பப்மெட் முகப்புப் பக்கத்திலேயே மெஷ் தளத்துக்கு வழி இருக்கிறது. அங்கே ஒரு தலைப்பைத் திறந்தால் என்ட்ரி டெர்ம்ஸ் என்று கீழே ஒரு பட்டியல் வரும், அந்தத் தலைப்புக்கு உலகத்தில் இருக்கிற மாற்றுப் பெயர்கள் எல்லாம் அதில். நாம் தாளில் மண்டையை உடைத்து எழுதிய வேலையில் பாதியை அது செய்து வைத்திருக்கும்.

மெஷ் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மெஷ் தலைப்பு ஒட்டப்படாத பதிவுகளும் பப்மெட்டில் இருக்கின்றன. மெஷ் தலைப்பையும் நீங்களே சேர்த்த சொற்களையும் ஒன்றாகப் போடுவதுதான் சரி.

கோர்ப்பது

தறிக்கார வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்ல எனக்குச் சிரமமே இருக்கவில்லை. தாளில் ஒவ்வொரு பத்தியும் பாவு மாதிரி மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஒரே பத்தியில் இருக்கிற பெயர்களுக்கு நடுவில் ஆர் போடுங்கள், இதுவோ அதுவோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று அர்த்தம். பத்திக்கும் பத்திக்கும் குறுக்கே ஊடை மாதிரி அண்ட் போடுங்கள், ரெண்டும் இருந்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். ஆர் போடப் போட வலை விரியும், அண்ட் போடப் போட இறுகும். இந்தச் சேர்ப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். சின்ன எழுத்தில் தட்டிவிட்டு ஏன் எண்ணிக்கை மாறவில்லை என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அடைப்புக்குறி. இது இல்லாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேராசிரியர் ஒருவருக்காகத் தேடும்போது, நாய்ஸ் அண்ட் லூம் ஆர் வீவர் என்று அடைப்புக்குறி இல்லாமல் போட்டுவிட்டேன். பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். நாய்ஸும் லூமும் சேர்ந்திருப்பவை ஒரு பக்கம், அதோடு வீவர் என்று எங்கே இருந்தாலும் அத்தனையும் இன்னொரு பக்கம் என்று எடுத்துக்கொண்டது. வீவர் என்று வெள்ளைக்காரர்களில் எத்தனையோ பேருக்குக் குடும்பப் பெயர், அவர்கள் எழுதியது எல்லாம் வந்தது. வீவர் சிண்ட்ரோம் என்று ஒரு பிறவிக் கோளாறு, அது வந்தது. வீவர் என்று பெயர் வைத்த ஒரு வகைச் சுண்டெலி, மூளை ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், அது கூட்டமாக வந்தது. நான் கவனிக்காமல் அப்படியே பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு வாரம் கழித்து, "தம்பி, நான் கேட்டது தறி, நீங்க குடுத்தது எலி" என்றார்.

சரியாகக் கோர்த்தால் இப்படி இருக்கும்:

(பவர்லூம் ஆர் "பவர் லூம்" ஆர் வீவர்ஸ் ஆர் வீவிங் ஆர் டெக்ஸ்டைல்) அண்ட் (நாய்ஸ்) அண்ட் ("ஹியரிங் லாஸ்" ஆர் "ஹியரிங் இம்பேர்மெண்ட்" ஆர் டெஃப்னஸ் ஆர் ஆடியோமெட்ரி ஆர் "திரெஷோல்டு ஷிஃப்ட்")

இந்த ஒரு வரியை அவள் தட்டியபோது, ஒன்றுமே இல்லை என்று சொன்ன அதே பப்மெட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு வந்தது. இந்தியக் கட்டுரையும் இருந்தது.

இன்னும் இறுக்க வேண்டுமானால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் சதுர அடைப்புக்குறிக்குள் டி, ஐ, ஏ, பி என்ற நாலு எழுத்தைப் போடுங்கள், கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதியவர் கொடுத்த குறிச்சொற்களிலும் மட்டும் தேடும், ஆசிரியர் பெயரில் இருக்கிற வீவர்கள் ஒழிவார்கள். மேற்கோள் குறிக்குள் ரெண்டு சொல்லைப் போட்டால் அதே வரிசையில் ஒட்டி இருப்பதைத் தேடும். 2022 முதல் ரெண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தேடவும் வசதி கொடுத்திருக்கிறார்கள்: மேற்கோள் குறிக்குள் லூம் நாய்ஸ் என்று போட்டு, சதுர அடைப்புக்குறிக்குள் அந்த நாலு எழுத்து, முக்காற்புள்ளி, அலைக்கோடு, மூன்று. நடுவில் மூன்று சொல் வரைக்கும் இருந்தாலும் பிடித்துக்கொடுக்கும்.

நட்சத்திரக் குறியும் எலியும்

சொல்லின் வேரை மட்டும் தட்டி நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா வால்களும் வரும். டபிள்யூ, ஈ, ஏ, வி என்று தட்டி நட்சத்திரம் போட்டால் வீவர், வீவர்ஸ், வீவிங் மூன்றும் ஒரே அடியில் வந்துவிடும். குறைந்தது நாலு எழுத்தாவது இருக்க வேண்டும் என்பது பப்மெட்டின் விதி. இதைக் கற்றுக்கொண்டதும் அவளுக்கு ஒரே சந்தோசம், உடனே எல், ஓ, ஓ, எம் போட்டு நட்சத்திரமும் போட்டாள். மறுபடியும் எலி!

லூமிங் என்றால் ஆங்கிலத்தில் வேறு அர்த்தம், ஏதோ ஒன்று பெரிதாகிக்கொண்டே நம்மை நோக்கி வருவது. பருந்து மேலிருந்து இறங்கும்போது எலி எப்படி மிரண்டு ஓடுகிறது என்று பார்க்கிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். காது என்ற பத்தியை அண்ட் போட்டுச் சேர்த்தால் போய்விடும் என்று நினைத்தோம், அதுவும் முழுசாகப் போகவில்லை. கிட்டே வருகிற சத்தத்தைக் காது எப்படி உணர்கிறது என்பதும் ஒரு தனி ஆராய்ச்சி, அதற்கும் லூமிங் என்றுதான் பெயர். கடைசியில் பவர் லூம் என்று ரெண்டு சொல்லையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்ட பிறகுதான் விட்டது. நட்சத்திரம் போடுவதற்கு முன் அந்த வேரில் வேறு என்னென்ன முளைக்கும் என்று ஒரு நிமிசம் யோசியுங்கள்.

இன்னொரு சங்கதி. நீங்கள் எந்தக் குறியும் போடாமல் வெறும் சொல்லைத் தட்டினால் பப்மெட் பின்னால் அதற்குரிய மெஷ் தலைப்பு, மாற்றுப் பெயர் எல்லாம் தானாகச் சேர்த்துத் தேடும். மேற்கோள் குறியோ நட்சத்திரமோ போட்டால் அந்தச் சேவை நின்றுவிடும், நீங்கள் சொன்னதை மட்டும் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். அனீமியா, டியூமர் மாதிரி அமெரிக்கர் ஒரு விதமாகவும் பிரிட்டிஷ்காரர் ஒரு விதமாகவும் எழுத்துக்கூட்டும் சொற்களை மேற்கோள் குறிக்குள் போடும்போது ரெண்டு விதத்தையும் போட வேண்டும். பப்மெட் உங்கள் தேடலை என்னவாகப் புரிந்துகொண்டது என்று தெரிய வேண்டுமா? பெட்டிக்குக் கீழே அட்வான்ஸ்டு என்று இருக்கும், அதை அழுத்துங்கள். நீங்கள் அன்றைக்குப் போட்ட தேடல்கள் வரிசையாக இருக்கும், டீடெயில்ஸ் என்ற இடத்தைத் திறந்தால் உள்ளே நடந்தது முழுக்கத் தெரியும். ஏதாவது விபரீதமாக வந்தால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

நாட் என்று ஒரு சேர்ப்புச் சொல்லும் இருக்கிறது, வேண்டாததை நீக்க. முடிந்தவரை தொடாதீர்கள். குழந்தைகள் வேண்டாம் என்று நாட் போட்டால், பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து எழுதிய கட்டுரையும் சேர்ந்து போய்விடும். களை பறிக்கிறேன் என்று பயிரையும் பிடுங்கின கதை.

ஊர்ப் பெயரில் கண்ணி

நம் ஊர் மாணவர்கள் எல்லோரும் ஊர்ப் பெயரை முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். ஈரோடு என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் அரித்துத் தின்பது என்ற வினைச்சொல், எலும்பை அரிக்கிற நோய், பல்லை அரிக்கிற பானம் எல்லாம் வந்து நிற்கும். சேலம் போட்டால் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் வின்ஸ்டன் சேலம் வரும். அங்கே பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது, அங்கிருந்து எழுதுகிற எல்லோருடைய முகவரியிலும் சேலம் இருக்கும். கோயமுத்தூர் இந்த விஷயத்தில் தேவலாம், ஆனால் கோயமுத்தூரில் உட்கார்ந்து வேறு எதையோ ஆராய்ந்தவர்களும் முகவரியால் உள்ளே வந்துவிடுவார்கள். திருப்பூருக்கு ஒரு பி போடுகிறவர்கள், ரெண்டு பி போடுகிறவர்கள் என்று ரெண்டு கட்சி. தமிழ்நாடு சேர்ந்தும் பிரிந்தும் எழுதப்படுகிறது.

அதனால் ஊரைக் கடைசியில் சேருங்கள். முதலில் ஊர் இல்லாமல் தேடி, மிக அதிகமாக வந்தால் இந்தியா, தமிழ்நாடு, தேவையான ஊர்கள் எல்லாவற்றையும் ஆர் போட்டு நாலாவது பத்தியாகச் சேர்த்து, தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடச் சொல்லுங்கள். குறைவாக வந்தால் ஊரை மறந்துவிடுங்கள். சத்தம் பள்ளிபாளையத்திலும் ஒன்றுதான், பாகிஸ்தான் பைசலாபாத்திலும் ஒன்றுதான், அங்கேயும் தறிதான் ஓடுகிறது.

வந்ததை வைத்து என்ன செய்வது

நிறைய வந்தால் இடது பக்கம் வடிகட்டிகள் இருக்கின்றன: வருசம், கட்டுரை வகை, இலவசமாக முழுசாகக் கிடைப்பது. வருசத்தைத் தைரியமாகப் போடலாம். மனிதர்கள் மட்டும், வயது இவ்வளவு என்கிற வடிகட்டிகளைக் கவனமாகப் போடுங்கள், அவை மெஷ் தலைப்பை நம்பி ஓடுகிறவை, தலைப்பு ஒட்டாத பதிவுகளைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். இலவசம் மட்டும் என்பதைக் கடைசியில் போடுங்கள், முக்கியமான கட்டுரை காசு கேட்கிறது என்பதற்காக அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகக் கூடாது. நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம், கட்டுரை எழுதியவருக்கே மெயில் போடலாம், பலரும் மறுக்காமல் அனுப்புகிறார்கள்.

ஒரு நல்ல கட்டுரை கையில் இருந்தால் அந்தப் பக்கத்திலேயே இதைப் போன்றவை, இதை மேற்கோள் காட்டியவை என்று வரும். அது தேடலை விட வேகமாகச் சில சமயம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பதிவின் மேல் திரும்பப் பெறப்பட்டது என்ற பட்டை இருந்தால் அதை எடுத்து எழுதிவிடாதீர்கள், இதழே அந்தக் கட்டுரையைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம்.

தடுக்கும் வழி என்ன என்ற ரெண்டாவது கேள்விக்கு நாங்கள் காக்ரேன் நூலகத்துக்குப் போனோம். ஒரே கேள்வி பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துச் சலித்துப் பார்க்கிறவர்கள் அவர்கள், 1993-இலிருந்து செய்கிறார்கள். முழு அறிக்கை கிடைக்காவிட்டாலும் எளிய மொழிச் சுருக்கம் இலவசம், சிலவற்றுக்குத் தமிழிலும் இருக்கிறது. வேலையிடச் சத்தத்தால் காது போவதைத் தடுப்பது பற்றி 2017-இல் வந்த அவர்கள் அறிக்கையில், காதடைப்பான் கொடுப்பதோடு விடாமல் அதைச் சரியாகச் செருகக் கற்றுக்கொடுத்தால் காதுக்குள் போகும் சத்தம் நன்றாகக் குறைகிறது என்று இருந்தது. இந்தியாவில் இப்போது என்ன சோதனை நடக்கிறது என்று பார்க்க, 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம் இருக்கிறது, அதன் பெட்டி அவ்வளவு நுணுக்கம் இல்லை, ரெண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாட்ஜிபிடியைக் கேட்டால் என்ன என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மாற்றுப் பெயர் யோசிக்கக் கேளுங்கள், அதற்கு நல்லாவே உதவும். கட்டுரைப் பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை, இல்லாத பக்க எண்ணோடு கொடுத்ததை நானே பிடித்திருக்கிறேன். கேட்டே தீர்வேன் என்றால், பப்மெட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பிஎம்ஐடி என்று தனி எண் இருக்கிறது, அந்த எண்ணைப் பெட்டியில் தட்டி அதே கட்டுரைதான் வருகிறதா என்று பாருங்கள்.

தேடிய வரியை நோட்டில் தேதியோடு, எத்தனை வந்தது என்பதோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் கைடு கேட்கும்போது "ஞாபகம் இல்லீங்க" என்று நிற்க வேண்டியிருக்காது. ஜிமெயில் கணக்கிலேயே மை என்சிபிஐ என்ற பப்மெட் பயனர் கணக்குக்குள் போய் அந்தத் தேடலைச் சேமித்து, புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் மெயில் அனுப்பு என்று சொல்லிவைக்கலாம்.

அவளும் அப்படிச் சொல்லிவைத்திருந்தாள். அப்பாவுக்கு நுரைக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்து, விரலில் உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகுவதைச் செய்து காட்டியதாகச் சொன்னாள். இத்தனை வருசம் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொண்டு ஓட்டியவர், "இது நல்லாத்தான் இருக்குது, ஆனா மேஸ்திரி கூப்பிட்டாக் கேக்காதே" என்றாராம். போன வாரம் முதல் மெயில் வந்தது. மூன்று கட்டுரை. முதல் ரெண்டு மில் தொழிலாளர்கள் பற்றியது. மூன்றாவது, துணி ஆலைச் சத்தத்துக்கு நடுவில் வைத்துச் சோதித்த எலிகள்.

"சார், இந்த எலிய வச்சுக்கலாங்களா?" என்றாள். வைத்துக்கொள் என்றேன்.